பெஞ்சில் மறந்த குடை

ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஒருவர், டீக்கடை பெஞ்சில் தன் குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

"போச்சு! இவ்வளவு பெரிய ஊர்ல தொலைஞ்சா எங்கே திரும்பக் கிடைக்கப்போறேன்?" என்று புலம்பியது குடை.

"வந்த அன்னிக்கே ஊரைத் திட்டாதே" என்றது பெஞ்சு.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கைக்குழந்தையோடு கடையில் ஒதுங்கி நின்ற பெண்ணிடம் கடைக்காரர் குடையை நீட்டினார். "எடுத்துட்டுப் போம்மா. நாளைக்கு இந்தப் பக்கம் வந்தா குடு." அவள் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

"பாத்தியா, என்னைத் தூக்கிக் குடுத்துட்டார்!" என்று அலறிக்கொண்டே போனது குடை.

மறுநாள் காலையில் அது திரும்பி வந்தது. நன்றாகக் காயவைத்து மடித்திருந்தார்கள். ரொம்ப நாளாகத் தளர்ந்து கிடந்த கம்பியை யாரோ நூல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

மாலையில் மழை வந்தபோது பூ விற்கிறவர் கொண்டுபோனார். திரும்பி வந்த குடையில் மல்லிகை வாசம் வீசியது.

அதற்கு அடுத்த நாள், ரயிலுக்குக் கிளம்பிய குடையின் சொந்தக்காரர் அதைத் தேடி வந்தார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர் சந்தோஷத்தில் குடையைப் பெஞ்சில் மாட்டிவிட்டு ஒரு டீ குடித்தார். மணியைப் பார்த்தார், பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"ஐயையோ, மறுபடியும் உன்னை மறந்துட்டுப் போறாரே!" என்று பதறியது பெஞ்சு.

"உஷ்! சத்தம் போடாதே" என்றது குடை. "மேகம் கறுத்துட்டு வருது பார்."