ஆளில்லா கேட்

மாலை வெயில் பழநி ரயில்பாதையின் ஜல்லிக் கற்கள் மேல் மஞ்சளாகப் படிந்திருக்கிறது. ஆளில்லா கேட்டில் மினிபஸ் வழக்கம்போல் நிற்கிறது. கண்டக்டர் பெலிக்ஸ் வழக்கம்போல் இறங்கி முன்னால் நடக்கிறார். அகலப்பாதை போடுவதற்காகப் பழைய தண்டவாளத்தைப் போன வாரமே பெயர்த்து ஏற்றிப் போய்விட்டார்கள். “ஏப்பா பெலிக்ஸ், ரயிலே இல்லாத பாதையில எதைப் பாக்க எறங்குற?” ஜன்னலோரத்து அய்யம்மாள் சிரிக்கிறாள். “கண்டக்டர் எறங்கிப் பாக்காம தாண்டுனா அபராதம் எனக்குல்ல ஆத்தா! லைசென்ஸும் போயிரும். அம்புட்டு வருசத்துப் பயம் செத்த நேரத்துல போயிருமா?” என்கிறார் டிரைவர் மொக்கைச்சாமி. பெலிக்ஸ் நடுப்பாதையில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறார். முன்பெல்லாம் இந்த நேரத்துக்குப் பழநி வண்டி வரும்; சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் ஜன்னல்தோறும் தெரியும், குழந்தைகள் அவருக்குக் கையசைப்பார்கள். இப்போது ஜல்லிக்கு நடுவே ஓர் ஆடு மேய்கிறது. அது விலகும்வரை காத்திருந்து, விசில் ஊதிக் கை காட்டுகிறார். வண்டி முதல் கியரில் ஊர்ந்து மேடேறுகிறது. சிரித்த அய்யம்மாளே தக்காளிக் கூடையை மடியோடு இறுக்கிக்கொள்கிறாள்; நிற்பவர்கள் எல்லோரும் மேல்கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள். தண்டவாளத்தில் ஏறி இறங்கும்போது தூக்கிப்போடும் அந்தக் குலுக்கல்தான் வரவில்லை.