மூணு கவர் போட்ட எண்ணெ

கப்பல்ல மூணு நாள் டூர் போறதுக்காக வேணி அக்கா பை அடுக்கினாங்க. ஷாம்பு பாட்டில அப்படியே உள்ள வெச்சாங்க. தேங்காண்ணெ பாட்டிலுக்கு மட்டும் மூடிய சுத்தி டேப்பு ஒட்டி, மூணு பிளாஸ்டிக் கவர் போட்டு, ரப்பர் பேண்டால இறுக்கிக் கட்டினாங்க.

"எனக்கு மட்டும் எதுக்கு இவ்ளோ கட்டு? நான் என்ன ஜெயில்ல இருந்தா வந்தேன்?"னு எண்ணெ கேட்டுச்சு.

"நீ ஒழுகிடுவியாம். புடவையெல்லாம் பாழாயிடுமாம்"னு ஷாம்பு சொல்லுச்சு.

"நான் எப்ப ஒழுகினேன்? ஒரே ஒரு கறை காட்டு பாப்போம்."

"நீ இல்லப்பா. போன வருஷம் வேற ஒரு எண்ணெ ஒழுகுச்சாம்."

"அவன் ஒழுகினதுக்கு நான் மூச்சு முட்டிச் சாவணுமா? நல்லா இருக்கு உங்க நியாயம்."

கப்பல் ரூம்ல பையத் திறந்தா, ஷாம்புதான் பாதி கொட்டி, துண்டெல்லாம் பிசுபிசுன்னு கிடந்துச்சு. "பாவம், வழியில குலுங்கியிருக்கும்"னு அக்கா அதத் துடைச்சு கண்ணாடி முன்னாடி வெச்சாங்க. எண்ணெ ஒரு சொட்டு சிந்தல. அத யாரும் பாராட்டவும் இல்ல. கட்ட அவுத்து, ஏசிக்கு நேரா வெச்சதோட சரி.

மறுநாள் காலைல தலைக்கு வெக்க அக்கா பாட்டிலக் கவுத்தாங்க. எண்ணெ வெள்ளையா, கல்லு மாதிரி உறைஞ்சு நின்னுச்சு. அக்கா உள்ளங்கையில தட்டினாங்க, குலுக்கினாங்க, கெஞ்சாத குறை.

"வெளிய வாயேம்ப்பா, அக்கா பாவம்ல"னு ஷாம்பு கூப்பிட்டுச்சு.

"வெளிய வரக்கூடாதுன்னுதானே அத்தனை கட்டு கட்டினாங்க? வரல. சந்தோஷமா இருக்கச் சொல்லு."