வாட்ச்சில் தெரிந்த துடிப்பு

ஓட்டக் குழுவிலிருந்து திரும்பிய கணவனின் வாட்ச்சை, தினமும்போல மனைவி வாங்கிப் பார்த்தாள்.

"என்னங்க, ஓடும்போது இதயத்துடிப்பு தாறுமாறா இருந்திருக்கு. டாக்டரைப் பாக்கச் சொல்லுது. கிளம்புங்க."

"சும்மா இரும்மா. குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன், எனக்கென்ன?" என்று சிரித்தவன், சட்டென்று நிறுத்தினான்.

குளிருக்குப் பயந்து அவன் தினமும் பேக்கரியில்தான் உட்கார்ந்திருப்பான். அவனுடைய வாட்ச்சைக் கட்டிக்கொண்டு ஓடுவது நண்பன் மெக்கானிக். இன்று திருப்பித் தரும்போது, "மூச்சு வாங்குதுடா" என்றான். "கிழவனாயிட்டே, போ" என்று இவன்தான் கிண்டலடித்து அனுப்பினான்.

போன் போட்டான். மெக்கானிக் எடுக்கவில்லை.

செருப்புகூடப் போடாமல், அந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாக அவன் ஓடினான்.

"ஐயோ, இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு ஓடாதீங்க!" என்று வாசலிலிருந்து மனைவி கத்தினாள்.