காட்டுவதற்கு நான்கு

பாருங்கள், பெற்றோரே. கண்ணை விலக்காமல் பாருங்கள்.

சங்ககிரிப் புறவழிச்சாலை. உச்சி வெயில். டயர்க்கடை வாசலில் ஒரு மஞ்சள் வேன் ஜாக்கியின்மேல் நிற்கிறது. அதனருகே, அதை ஓட்டுகிறவள். அவள் கையில் ஒரு தாள்.

பன்னிரண்டு பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் செல்ல இவ்வாகனம் தகுதியுடையது என்கிறது அந்தத் தாள். அதை வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கடைக்காரர் குப்பண்ணன் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அவை அவளுடையவை அல்ல. காலையில் வாடகைக்கு எடுத்தவை. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று ஆய்வு நாளில் மாட்டிக்கொண்டு போவதற்கென்றே அக்கடையில் இருக்கும் நான்கு டயர்கள். டிஸ்க்குகளில் சுண்ணாம்பால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எழுதியிருந்தது. கடையிலிருந்து ஆய்வுத் திடல், திடலிலிருந்து கடை. வேறு சாலை அறியாதவை. ஆகவே தேய்வும் அறியாதவை.

அவளுடைய நான்கும் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. சாலையைப் பற்றும் வரிகளான பட்டன் முழுதும் தேய்ந்து, மழுங்கி, துடைத்துவைத்த பலகைபோல்.

எல்லாரும் செய்வதுதான். சென்ற ஆண்டு அவளும் செய்தாள். உறுத்தவில்லை.

பிறகு ஐப்பசி வந்தது.

மழை. வாய்க்கால் திருப்பம். அவள் பிரேக்கை மிதித்தாள். வேன் கேட்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், தண்ணீருக்கு ஒரு முழம் இருக்கையில் தானாக நின்றது.

பின்னிருக்கையில் கைதட்டல்.

“இன்னொருக்கா, அக்கா!” என்று கத்தினாள் ஆறு வயது தன்ஷிகா.

அன்று முதல் பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் குரல் கேட்கிறது.

குப்பண்ணன் பழைய சக்கரம் ஒன்றை உருட்டி வந்தார். அவள் காலால் அதை நிறுத்தினாள்.

“மாட்ட வேண்டாமுங்ணா. அந்த வாடகை டயரு நாலையும் எனக்கே குடுத்துருங்க. பழசுதானுங்க, வெல கொறச்சலாத்தான வரும்?”

அவர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

“அது ஓட்டறதுக்கு இல்லீங்க, அம்மிணி. காட்டறதுக்கு.”

டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்தார். நான்கு இலக்கங்கள் தெரிந்தன. முதல் இரண்டும் வாரம். அடுத்த இரண்டும் ஆண்டு. டயர் பிறந்த நாள்.

தன்ஷிகாவைவிட அது மூன்று வயது மூத்தது.

கட்டைவிரலால் அழுத்தினார். ரப்பரில் மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன.

காட்டிய டயரும் பொய். ஓட்டிய டயரும் பொய். இரண்டு பொய்களுக்கும் நடுவே, மெய்யாகவே மூச்சுவிடும் பன்னிரண்டு உயிர்கள்.

“உங்க மொட்டை டயருக்கே கத்தியில வரி வெட்டித் தரட்டுங்களா? பாக்கப் புதுசாட்டம் இருக்கும்.”

“பாக்கறதுக்கு வேண்டாமுங்ணா. மிதிச்சா நிக்கோணும்.”

அவர் கையைத் துணியில் துடைத்தார். பிறகு உள்ளே போய் நான்கு டயர்களை உருட்டி வந்தார்.

“பெரிய கம்பெனி இல்லீங்க. ஆனா உங்க வண்டி அளவு, இந்த வருசச் சரக்கு. பேருக்குன்னு தனியாக் காசு குடுக்க வேண்டியதில்ல.”

அவள் குந்தி உட்கார்ந்தாள். முந்தானையால் ஒவ்வொன்றையும் துடைத்து எண்ணைப் படித்தாள். மூன்றாவதைத் தள்ளி வைத்தாள்.

“இது நாலு வருசம் முந்துனது. மாத்துங்க.”

“அம்மிணிகிட்ட இனிக் கடையக் குடுத்துட்டு நான் வேன் ஓட்டப் போயரலாம்” என்று முனகியபடி வேறொன்று கொண்டுவந்தார்.

பள்ளி திறக்குமுன் வேனுக்கு வண்ணம் அடிக்கவென்று சேர்த்த பணம் அவள் பையில் இருந்தது. ஊரார் வண்டியைத் தேர்ந்தெடுப்பது வண்ணம் பார்த்துத்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

எடுத்துக் கொடுத்தாள்.

அவள் கிளம்புகையில் இன்னொரு பள்ளி வேன் வந்து நின்றது. புதிய மஞ்சள் கண்ணைக் கூச வைத்தது. ஓட்டுநர் தலையை நீட்டினான்.

“குப்பண்ணா, அந்த நாலும் சும்மாத்தான இருக்குது? நாளைக்கு எனக்கு எஃப்.சி.”

குப்பண்ணன் அவளைப் பார்க்கவில்லை.

ஜூன். பள்ளி திறந்த நாள்.

தன்ஷிகாவின் வீட்டு வாசலில் அவள் வேனை நிறுத்தினாள். தந்தை வெளியே வந்தார். மங்கிய மஞ்சளைப் பார்த்தார். உரிந்த ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

“ஏனுங்க, லீவுல ஒரு பெயிண்டுகூட அடிக்காம வந்திருக்கறீங்க? கொழந்தைகள எப்படி நம்பி அனுப்பறது? இந்த வருசம் வேற வண்டி சொல்லிட்டனுங்க.”

பின்னாலேயே, அன்று டயர்க்கடைக்கு வந்த அதே வேன் வந்தது. பளபளப்பாக. தந்தை மகளைத் தூக்கி அதில் ஏற்றினார்.

அவள் இறங்கி ஓடினாள். அதன் முன்சக்கரத்தின் அருகே குனிந்தாள். ஒரு வரிகூட இல்லை.

“அண்ணா, இந்த டயர ஒருக்காப் பாருங்க…”

“அதெல்லாம் எஃப்.சி. ஆன வண்டிங்க” என்றார் தந்தை.

தன்ஷிகா பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிக் கையசைத்தாள். வேன் வாய்க்கால் பக்கம் திரும்பியது.

தூறல் விழத் தொடங்கியிருந்தது.

பெற்றோரே! எவர்முன்னும் தலை தாழ்த்த வேண்டாம். ஆனால் நாளைக் காலை, பிள்ளையின் கையை விடுமுன், அந்தச் சக்கரத்தின் அருகே செல்லுங்கள். பட்டனை விரலால் தொடுங்கள். எண்ணைப் படியுங்கள். அதற்காக ஒரே ஒரு முறை

குனியுங்கள்.