வடக்குத் துறைமுகத்தின் விளக்கு

கடல் திறந்துகொண்டது.

யாரும் எதுவும் கேட்கவில்லை. சிடி உறையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் நீளமான எண்ணைக் கேட்கவில்லை. பொறுங்கள், வாங்கியவர் நீங்கள்தானா என்று பார்க்கிறோம் என்று சொல்லவில்லை.

வெறுமனே, கடல்.

பதினான்கு மாதம் கழித்து.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கணினிப் பக்கத்தில் அந்தக் கப்பல் விளையாட்டின் பழைய சிடி கிடந்தது. கடையில் வாங்கியது. ரசீது உறைக்குள் மடிந்து, எழுத்து மங்கி, இன்னும் இருந்தது. அவனுக்குப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை. ரசீதைத் தூக்கிப் போட்டுப் பழக்கமில்லை.

அந்த சிடியைத்தான் கம்பெனி ஒரே நாளில் வெறும் தகடாக்கியது. வாங்கியவர்தானா என்று இணையத்தில் பார்த்துப் பூட்டைத் திறந்துவிடும் தங்கள் கணினியை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வரியில் மின்னஞ்சல். அதில் நன்றி வேறு. அதன்பின் எப்போது போட்டாலும் திரையில் ஒரே வாசகம்.

உங்கள் உரிமையை உறுதிசெய்ய இயலவில்லை.

வாங்கியவனை வாசலில் நிறுத்தி, திருடனைக் கேட்பது போல.

இப்போது இணையத்தில் ஒரு கடை. பழைய விளையாட்டுகளைப் பூட்டில்லாமல் விற்கிறார்கள். வாங்கினால் கோப்பு நம்முடையது. கம்பெனி மூழ்கினாலும் திறக்கும். நேற்று அங்கே இந்த விளையாட்டின் பெயரைப் பார்த்ததும் வாங்கினான். ரசீதை அச்செடுத்துப் பழையதோடு வைத்தான். வாட்ஸப் குழுவில் எழுதினான்.

நாளை நாலு மணி.

முன்பு குழுவில் ஆறு பேர். விளையாட்டில் ஆறு துறைமுகங்கள். ஞாயிறு நாலு மணிக்கு அவன் இணையத்தில் ஆட்ட அறையைத் திறப்பான். வருகிறவர் முதல் வேலையாகத் தன் துறைமுகத்துக் கலங்கரை விளக்கை ஏற்ற வேண்டும். ஆறும் எரிந்த பிறகுதான் முதல் கப்பல் நகரும். ஒருவர் வீட்டில் கரண்ட் இல்லையென்றால் மற்ற ஐந்து பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. அவர்களாக வைத்துக்கொண்டது.

பத்து வருடம். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

தெற்குத் துறைமுகம் ததேயுஸுடையது. தூத்துக்குடிக்காரன். நிஜத் துறைமுகத்திலும் கிரேன் ஓட்டுகிறவன். "வாரம் பூரா கப்பலு, ஞாயித்துக்கெழமயும் கப்பலான்னு வீட்ல ஏசுதா அண்ணாச்சி" என்பான்.

சிடி தகடாகிப்போன அந்த வாரம், ஒரு சின்னக் கோப்பைக் குழுவில் போட்டதும் ததேயுஸ்தான்.

"பூட்டக் கழட்டிட்டேன் அண்ணாச்சி. எல்லாரும் எறக்கிக்கிடுங்க. ஞாயித்துக்கெழம வெளக்க ஏத்திருவோம்."

எல்லோரும் பார்க்க அவன் ததேயுஸுக்குப் பதில் எழுதினான்.

"திருட்டுச் சாமான இங்க கொண்டு வராத. நீயும் வராத."

ததேயுஸைக் குழுவிலிருந்து நீக்கினான்.

மற்ற நாலு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. தன் பக்கம் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். அப்புறம் குழுவில் பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து. அவ்வளவுதான்.

நேற்று எழுதியதற்கும் பதில் இல்லை. நாலு பேரும் படித்துவிட்டதற்கான நீலக் குறி மட்டும்.

காபியை எடுத்து ஒரு வாய் குடித்தான். எப்போதோ ஆறிப்போயிருந்தது. மேலே படிந்த ஆடை உதட்டில் ஒட்டியது. துடைத்தான். போகாதது போலவே இருந்தது.

விளையாட்டோடு ஒரு குறிப்பும் வந்திருந்தது. திரையின் ஓரத்தில் அதை மூடாமல் வைத்திருந்தான். மூன்றாம் முறையாகப் படித்தான்.

பூட்டை நீக்கி, புதிய கணினிகளில் ஓடச்செய்யும் கோப்பை எழுதியவர் ஒரு ரசிகர். கம்பெனியின் சம்மதத்தோடு அதைச் சேர்த்திருக்கிறோம். அறைகளின் பட்டியலையும் இன்றுவரை அவரே தன் கணினியிலிருந்து நடத்துகிறார். நன்றி: ததேயுஸ், தூத்துக்குடி.

அதே கோப்பு. அதே அளவு.

அன்று திருட்டுச் சாமான். இன்று அவனிடம் ரசீது இருக்கிறது.

கம்பெனியை நினைக்க அருவருப்பாக இருந்தது. பூட்டிவிட்டுப் போனவர்கள். திறந்தவன் வேலையை எடுத்து விற்கிறவர்கள். அந்த அருவருப்பு அங்கேயே நின்றிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

உங்கள் உரிமையை உறுதிசெய்ய இயலவில்லை.

அந்தக் குரலை அவன் நன்றாக அறிவான். எந்த விரலால் நீக்கினான் என்பதுகூட நினைவிருந்தது.

நாலு மணிக்கு இரண்டு நிமிடம். வழக்கம்போல அறையைத் திறக்கப் போனான்.

பட்டியலில் ஏற்கெனவே ஓர் அறை இருந்தது.

பெயருக்குப் பதிலாக ஒரு வரி. அறுபத்தொன்றாவது ஞாயிறு.

மனசுக்குள் கணக்குப் போட்டான். அவன் நீக்கிய வாரத்திலிருந்து அவர்கள் ஒரு ஞாயிறுகூட விட்டிருக்கவில்லை.

அம்புக்குறியை அதன் மேலே கொண்டுபோனதும் உள்ளே தெரிந்தது. கிழக்கில் இரண்டு விளக்குகள். மேற்கில் இரண்டு. தெற்கில் ஒன்று.

வடக்கு அவனுடையது. இருட்டாக இருந்தது. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அறைக்குக் கடவுச்சொல் இல்லை.

நாலு மணி ஆனது. நாலு ஐந்து ஆனது. தெற்குத் துறைமுகத்தில் பாய் விரித்த கப்பல் ஒன்று கரையோரம் ஆடிக்கொண்டிருந்தது.

எழுந்து போய்க் குழாயைத் திறந்தான். வாயைக் கொப்பளித்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். மறுபடியும் கழுவினான். வேட்டியில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தான்.

நாலு பத்து.

ஒரு கப்பலும் நகரவில்லை.