மோப்பக் கதவு

ஆதிரையின் பள்ளிக்கூடக் கதவு மோப்பம் பிடிக்கும். குளத்தங்கரையில் விளையாடிவிட்டு, சேறும் வியர்வையுமாக வரும் பிள்ளைக்குத்தான் திறக்கும்.

மகளுக்குச் சளி பிடித்துவிடும் என்று, அவளுடைய எல்லா ப்ராஜெக்டையும் போல இதையும் தானே முடித்துவிடக் கிளம்பினார் அப்பா செல்வகணபதி. ஒரு டப்பா சேறு அள்ளி அவள் கையில் பூசினால் தீர்ந்தது. குளத்தில் இறங்கிக் குனிந்தபோது ஒரு தவளை துள்ளியது. பிடிக்கப் போய் வழுக்கி விழுந்தார். எழுந்து இன்னொன்றைத் துரத்தினார். பிறகு பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நண்டு வளைக்குள் கையை விட்டார். சிரிப்பு அடங்கவே இல்லை.

"நானும் இறங்கட்டுமாப்பா?" என்றாள் கரையில் நின்ற ஆதிரை.

"வேண்டாம், யூனிஃபார்ம் அழுக்காயிடும்."

பள்ளிக்கூட வாசலில் அவள் கையில் சேற்றைப் பூசி நிறுத்தினார். கதவு மோந்து பார்த்தது, அசையவில்லை. பின்னால் நின்ற அவரை மோந்ததும் சடாரென்று திறந்தது. டீச்சரிடம் விவரம் சொல்லலாம் என்று உள்ளே கால் வைத்தார், கதவு மூடிக்கொண்டது.

ஆதிரை கதவின் கம்பி வழியே சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள்.

"மிச்சம் வைக்காம சாப்பிடுங்க, சமத்தா இருங்கப்பா. நான் குளத்துக்குப் போயிட்டு வர்றேன்."