கபடிப் பாடத்தில் ஒரு பிழை

திருப்பூரின் ஒரு பனியன் கம்பெனியில் மதிய இடைவேளையானால் ஆங்கிலம் கற்றுத்தரும் பேசும் மின்பலகையான பாடப்பலகை ஆளுக்கொரு விளையாட்டுக் கதையை ஆங்கிலத்தில் எழுதித் தரும். வாசித்துவிட்டு அதனுடன் ஆங்கிலத்தில் பேச வேண்டும். ஆறு மாதமாகியும் டெய்லர் வர்ஷினி வாய் திறந்ததில்லை. தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற கூச்சம்.

அன்று அவளுக்கு வந்தது, ஊத்துக்குளிப் பெண்கள் கபடி அணி பிறந்த கதை. எழுத்துக்கூட்டி வாசித்தவள் தன் பெயரைக் கண்டு திகைத்தாள். 2038-இல் அந்த அணியைத் தொடங்கியவளே அவள்தான். ஆனால் இறுதிப் போட்டியில் அணி தோற்றதாகக் கடைசி வரி சொன்னது.

"அடப்பாவமே! ஒரு பாயிண்டுல ஜெயிச்சது நாங்கடி!" என்று பதறினாள்.

"தமிழ்ல சொன்னா அது திருத்தாதுங்க்கா. இங்கிலீசுல சொல்லுங்க," என்றாள் பக்கத்து மிஷின் ஜெனிபர்.

வர்ஷினி விருட்டென்று எழுந்தாள். "நோ! வீ வின்! ஒன் பாயிண்ட்! ஐ டச் லைன்!"

கூடமே கைதட்டியது. பலகை அந்த வரியை அழித்து, வென்றார்கள் என்று எழுதியது. பிறகு, நடுக்கோட்டை எப்படித் தொட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டது.

மணியடித்து மிஷின்கள் ஓடத் தொடங்கிய பிறகும், தரையில் பாய்ந்து கையை நீட்டிக் காட்டியபடி அவள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.